சீல் தேயும், சரி. தேஞ்சா யார் மாத்தறது?

எலக்ட்ரிக் கார் பத்தி நம்ம காலேஜ்ல பேச்சு வந்தாலே அது பேட்டரியில ஆரம்பிச்சு பேட்டரியில முடியும். எத்தனை கிலோவாட் அவர், எவ்வளவு நேரத்துல சார்ஜ் ஏறும், வெயில்ல தீப்பிடிக்குமா. மோட்டார் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. செமினார்ல ஸ்லைடு போடறவங்களும், பெட்ரோல் இன்ஜின்ல நூத்துக்கணக்கான அசையற பாகம், எலக்ட்ரிக்ல விரல் விட்டு எண்ணிடலாம்னு ஒரு படத்தைக் காட்டிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிடுவாங்க.

அந்த விரல் விட்டு எண்ணற பாகங்கள்ல ஒண்ணைப் பத்திதான் இந்தக் கட்டுரை. பேரு சீல். சுத்தற தண்டுக்கும் சுத்தாத உடம்புக்கும் நடுவுல உக்காந்து, ஒரு பக்கம் இருக்கற தண்ணியோ எண்ணெயோ அடுத்த பக்கம் போகாம பாத்துக்கற சின்ன வளையம். அது தேஞ்ச காரணத்துக்காக, உலகத்துலயே பேர் வாங்கின எலக்ட்ரிக் கார் ஒண்ணுல முழு மோட்டார் யூனிட்டையும் கழட்டி மாத்தியிருக்காங்க.

சீல் தேயறதுல எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்ல. திருப்பூர் சுத்து வட்டாரத்துல எந்த டையிங் யூனிட்டுக்குப் போய் ஃபிட்டர் கிட்ட கேட்டாலும், "சீல்னா தேயத்தான் செய்யும் தம்பி"ன்னுதான் சொல்லுவாங்க. என்னோட வாதமும் அதுல இருந்துதான் ஆரம்பிக்குது. தேயறது தெரிஞ்ச ஒரு பாகத்தை, யாரும் எட்ட முடியாத இடத்துல வச்சு, அது கெட்டா முழு யூனிட்டையும் மாத்துங்கன்னு சொல்ற டிசைன் மோசமான டிசைன். எவ்வளவு வேகமா ஓடினாலும் சரி, எவ்வளவு சைலன்ட்டா ஓடினாலும் சரி. இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல இந்தப் பிரச்சனை நம்ம ரோட்டுக்கும் வரும். அப்போ டிசைன் டேபிள்லயோ சர்வீஸ் சென்டர்லயோ உக்காந்திருக்கப் போறது நீங்களும் நானும்தான்.

டெஸ்லாவுல என்ன ஆச்சு

டெஸ்லா மாடல் எஸ் கார் 2012 ஜூன்ல அமெரிக்காவுல வாடிக்கையாளர்கள் கைக்குப் போச்சு. பின் சக்கரங்களுக்கு நடுவுல பெரிய டிரைவ் யூனிட் ஒண்ணு இருக்கும். மோட்டார், இன்வெர்ட்டர், கியர்பாக்ஸ் மூணும் ஒரே உடம்பு. மோட்டார் வகை இண்டக்‌ஷன். நம்ம ஊர் மில்லுல, மாவு அரைக்கற கடையில ஓடற அதே தத்துவம்தான்.

இண்டக்‌ஷன் மோட்டார்ல ரோட்டருக்குள்ள இருக்கற கம்பிகள்லயும் மின்சாரம் ஓடும். அதனால ரோட்டரே சூடாகும். வெளியில இருக்கற ஸ்டேட்டரைச் சுத்தி கூலன்ட் ஓட விடறது சுலபம், அது அசையாது. ஆனா உள்ள சுத்திக்கிட்டு இருக்கற ரோட்டரோட சூட்டை எப்படி எடுக்கறது? டெஸ்லா என்ஜினியர்கள் தண்டைக் குழாய் மாதிரி உள்ளீடு இல்லாம செஞ்சு, அசையாத ஒரு சின்ன டியூபை அதுக்குள்ள விட்டு, கிளைக்கால் கலந்த தண்ணியை நேரா ரோட்டரோட வயித்துக்குள்ளயே அனுப்பினாங்க. யோசனையா பாத்தா அருமை. அந்தக் காரோட வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனா இங்கதான் சீல் வருது. சுத்தற தண்டு, அசையாத டியூப், நடுவுல தண்ணி. அந்தத் தண்ணி மோட்டாருக்குள்ள வராம தடுக்க தண்டு மேல உதடு மாதிரி ஒட்டி நிக்கற லிப் சீல் ஒண்ணு. கடையில நாம ஆயில் சீல்னு கேட்டு வாங்கறோமே, அந்தக் குடும்பம்.

கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்க. மாடல் எஸ் டயரோட விட்டம் சுமார் 70 சென்டிமீட்டர். கியர் விகிதம் 9.73. கார் 100 கிலோமீட்டர் வேகத்துல போகும்போது சக்கரம் நிமிஷத்துக்கு சுமார் 758 தடவை சுத்தும், மோட்டார் சுமார் 7,400 தடவை சுத்தும். தண்டு 3 சென்டிமீட்டர்னு வச்சுக்குவோம். சீலோட உதடு மேல தண்டு விநாடிக்கு கிட்டத்தட்ட 11.6 மீட்டர் வேகத்துல உரசிக்கிட்டே இருக்கும். மோட்டார் 15,000 சுத்தைத் தொட்டா அது 23 மீட்டரைத் தாண்டும். நம்ம டையிங் மெஷின் பம்ப் 2,900 சுத்துல ஓடும்போது அதே 3 சென்டிமீட்டர் தண்டுல இந்த வேகம் நாலரை மீட்டர்தான்.

இன்னொரு விஷயம், எண்ணெயில உரசறது வேற, தண்ணியில உரசறது வேற. எண்ணெய்னா உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு படலம் நின்னு தேய்மானத்தைக் குறைக்கும். கிளைக்கால் தண்ணி அந்த அளவுக்கு வழவழப்பு கொடுக்காது. உதடு காயும், சூடாகும், தேயும். அப்புறம் கூலன்ட் சொட்டு சொட்டா உள்ள வர ஆரம்பிக்கும்.

எந்த உள்ள? சீலுக்குப் பக்கத்துலயே ஸ்பீடு சென்சார், பேரிங். அதைத் தாண்டினா ஸ்டேட்டர் காயில், இன்வெர்ட்டர். சுமார் 400 வோல்ட் பேட்டரியோட இணைஞ்ச இடம். ஈரம் ஏற ஏற இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் குறையும். ஒரு நாள் கார் அதைக் கண்டுபிடிச்சு, பாதுகாப்புக்காக "ஓட மாட்டேன்"னு நின்னுடும். அது வரைக்கும் ஓட்டறவருக்கு ஒரு அறிகுறியும் தெரியாது. தரையில சொட்டு இல்ல, புகை இல்ல, சத்தமும் பெருசா இல்ல. விவரம் தெரிஞ்சவங்க ஸ்பீடு சென்சாரைக் கழட்டி நுனியில ஈரம் இருக்கான்னு பாத்துத்தான் கண்டுபிடிக்கறாங்க.

ஒண்ணு தனியா சொல்லிடணும். ஆரம்ப மாடல் எஸ் டிரைவ் யூனிட்கள்ல அரைக்கற மாதிரி சத்தம் வருதுன்னும் நிறைய புகார் வந்துச்சு. அது வேற கதை. 2014 ஆகஸ்ட்ல டெஸ்லா டிரைவ் யூனிட் வாரன்டியை 8 வருஷம், கிலோமீட்டர் கணக்கே இல்லைன்னு மாத்தினதுக்கு அப்புறம் எந்தக் காரணமா இருந்தாலும் கம்பெனி செலவுலதான் மாத்தினாங்க. யாருக்கும் பெருசா வலிக்கல. 2012-ல வாங்கின காருக்கு 2020-ல வாரன்டி முடிஞ்சது. அப்போதான் ஒரு சின்ன வளையத்தோட விலைக்கும் முழு டிரைவ் யூனிட்டோட விலைக்கும் இருக்கற வித்தியாசம் ஓனர்களோட பர்ஸ்ல தெரிய ஆரம்பிச்சது.

டையிங் யூனிட்டுல ஒரு சீல்

இப்போ நம்ம ஊருக்கு வாங்க. மூணாவது வருஷம் இன்-பிளான்ட் ட்ரெயினிங்குக்காக ஒரு டையிங் யூனிட்டுல கொஞ்ச நாள் இருந்தேன். சாஃப்ட் ஃப்ளோ மெஷின் தெரியும்ல? பெரிய உருளைத் தொட்டிக்குள்ள துணி கயிறு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும், சாயத் தண்ணியை ஒரு பம்ப் எடுத்து எடுத்து அடிச்சுக்கிட்டே இருக்கும். அந்தப் பம்போட தண்டுல ஒரு மெக்கானிக்கல் சீல். கார்பன் வளையம் ஒண்ணு, செராமிக் மாதிரி கெட்டியான வளையம் ஒண்ணு, பின்னால ஒரு ஸ்பிரிங். ரெண்டு முகமும் ஒண்ணை ஒண்ணு அழுத்திக்கிட்டு சுத்தும். நடுவுல முடியை விட மெல்லிசான தண்ணிப் படலம்.

அந்தச் சீல் படற பாட்டைச் சொல்றேன். காட்டன் துணிக்கு ரியாக்டிவ் சாயம்னா லிட்டருக்குப் பத்துக்கணக்கான கிராம் உப்பு போடுவாங்க, சோடா ஆஷ் போடுவாங்க. தண்ணி 60 டிகிரி, சில நேரம் அதுக்கும் மேல. பாலியஸ்டர்னா பிரஷர்ல 130 டிகிரி. துணியில இருந்து உதிர்ற பஞ்சு வேற அதுல மிதக்கும். மெஷின் நின்னு தண்ணி காஞ்சா சீல் முகத்துல உப்புப் படிகம் நிக்கும். மறுபடி ஓட்டும்போது அது மணல் காகிதம் மாதிரி அரைக்கும்.

எந்த டெக்ஸ்ட்புக் கணக்குல பாத்தாலும் கொடுமையான சூழ்நிலை. ஆனா அங்க சீல் போச்சுன்னா யாரும் தலையில கை வைக்கறதில்ல. தரையில ஈரம் தெரியும், இல்லைன்னா பம்ப் பக்கம் உப்பு வெள்ளையா பூத்திருக்கும். ஃபிட்டர் அண்ணா பேட்ச் முடியற வரைக்கும் காத்திருந்து, வால்வை மூடி, கப்ளிங்கைக் கழட்டி, பழைய சீலை எடுத்துப் புதுசைப் போட்டு, அடுத்த பேட்ச்சுக்கு மெஷினை விட்டுடுவாரு. ஸ்டோர்ல ஒவ்வொரு சைஸ்லயும் ஸ்பேர் இருக்கும். யாரும் "பம்ப் முழுசா மாத்துங்க"ன்னு சொல்லல. சொன்னா முதலாளி சிரிப்பாரு.

அந்தப் பழைய சீலை அவரு தூக்கிப் போடறதும் இல்ல. வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. முகத்துல வட்டமா கோடு விழுந்திருந்தா பஞ்சோ உப்போ உள்ள போயிருக்கு, சின்னச் சின்ன வெடிப்பு இருந்தா தண்ணி இல்லாம ஓடியிருக்கு, ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா தண்டு ஆடுது, பேரிங்கைப் பாருன்னு சொன்னாரு. நாம நாலு கிரெடிட் பேப்பர்ல ஃபெயிலியர் அனாலிசிஸ்னு படிச்சதை அவரு ரெண்டு நிமிஷத்துல பண்ணினாரு. அவரால அது முடிஞ்சதுக்கு ஒரே காரணம், சீல் அவரோட கைக்கு வந்துச்சு.

முழு டிரைவ் யூனிட்டா கழட்டி கம்பெனிக்கு அனுப்பற முறையில அந்தச் சாட்சி மெக்கானிக் கைக்கு வரவே வராது. ஏன் தேஞ்சதுன்னு கம்பெனிக்கு மட்டும் தெரியும். அடுத்த கார்ல அதைத் தவிர்க்க ஓட்டறவருக்கோ பட்டறைக்காரருக்கோ வழி இல்ல.

கசிவு எந்தப் பக்கம் போகுது?

பழைய பம்புகள்ல மெக்கானிக்கல் சீலுக்குப் பதிலா கிளாண்ட் கயிறு போடுவாங்க. தண்டைச் சுத்தி எண்ணெய் ஊறின கயிறைத் திணிச்சு நட்டை முறுக்கறது. புதுசா வர்றவங்க தண்ணி சொட்டக்கூடாதுன்னு நல்லா இறுக்கிடுவாங்க. அப்படிப் பண்ணினா கயிறு எரிஞ்சு, தண்டுல பள்ளம் விழுந்திடும். சொட்டு சொட்டா வர்ற அளவுக்குத் தளர்த்தி விடணும். அந்தச் சொட்டுத்தான் கயிறைக் குளிர வைக்குது. "கசியும்"னு ஒத்துக்கிட்டு, எங்க எவ்வளவு கசியணும்னு முடிவு பண்ணின டிசைன் அது.

பெட்ரோல் காரோட வாட்டர் பம்ப்லயும் இதே அறிவு இருக்கு. சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவுல கீழ் நோக்கி ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க. சீல் தேஞ்சா கூலன்ட் பேரிங்குக்குப் போகாம அந்த ஓட்டை வழியா தரையில சொட்டும். காலையில வண்டியை எடுக்கும்போது கீழ பச்சையா ஒரு வட்டம் தெரியும். மெக்கானிக் கிட்ட போவோம். ஒரு ஓட்டை, அவ்வளவுதான். அதோட விலை ஒண்ணும் கிடையாது.

மாடல் எஸ் டிரைவ் யூனிட்டுல கசிவு வெளிய வராம உள்ள போச்சு. என்னைக் கேட்டா சீல் தேஞ்சதை விட இதுதான் பெரிய குறை.

கண்ணுக்குத் தெரியாத பக்கம் போற கசிவு என்ன பண்ணும்னு திருப்பூர்க்காரங்களுக்குத் தனியா சொல்ல வேண்டியதில்ல. சாயத் தண்ணி நொய்யல்ல போய், ஒரத்துப்பாளையம் அணையில தேங்கிச்சு. பாசனத்துக்குன்னு கட்டின அணை சாயக் கழிவுத் தொட்டி ஆச்சு. ஊருக்குள்ள இருந்த நமக்கு அது தெரியல, கீழ விவசாயம் பண்ணினவங்களுக்குத் தெரிஞ்சது. அவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2011 ஜனவரி 28-ல சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளிய விடாத முறைக்கு மாறின யூனிட்டுகள்தான் திரும்பத் திறந்துச்சு. இன்னைக்கு இந்த ஊர்ல தண்ணியை லிட்டர் கணக்குல எண்றாங்க. ஒரு ஊரே மூடின பிறகு கத்துக்கிட்ட பாடம் அது. கார்லயும் அதே பாடம்தான்: கசிவு முதல்ல கண்ணுல படணும்.

சீலையே வேண்டாம்னு சொன்ன டிசைன்கள்

"சரி, குறை சொல்றது சுலபம், வேற என்ன பண்ணியிருக்கலாம்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. பதில் ரெண்டு இடத்துல இருக்கு.

ஒண்ணு டெஸ்லாவுலயே இருக்கு. 2017-ல வந்த மாடல் 3 டிரைவ் யூனிட்டுல தண்ணியை மோட்டாருக்குள்ள விடறதை நிறுத்திட்டாங்க. மோட்டாருக்குள்ள ஓடறது எண்ணெய். அந்த எண்ணெயைக் குளிர வைக்க வெளியில ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர், தண்ணி அதோட நின்னுடும். எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது, சீலுக்கும் வழவழப்பு கிடைக்கும். அதாவது நல்ல சீல் தேடறதை விட்டுட்டு, அந்த இடத்துல சீலே தேவைப்படாத மாதிரி யோசிச்சாங்க. அந்த என்ஜினியரிங்கை மனசாரப் பாராட்டறேன்.

ரெண்டாவது பதில் நம்ம தோட்டத்து போர்வெல்லுக்குள்ள இருக்கு. சப்மெர்சிபிள் மோட்டார் பல நூறு அடி ஆழத்துல தண்ணிக்குள்ளயே மூழ்கி ஓடுது. அதுல நிறைய மோட்டார்கள் தண்ணி நிரப்பின வகை. தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு ஒரு சீலை மட்டும் நம்பி இருக்கறதுக்குப் பதிலா, தண்ணியை உள்ளயே நிரப்பி, காயில் கம்பிக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, பேரிங்கையும் தண்ணியிலயே ஓடற மாதிரி செஞ்சுட்டாங்க. அந்தத் தண்ணியே மோட்டாரைக் குளிர வைக்குது. காயில் எரிஞ்சா மேல தூக்கி, பக்கத்து ஊர்ல காயில் கட்டற கடையில கொடுத்தா கட்டித் தந்துடுவாங்க. 1937-ல ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் தயாரிச்ச கோயம்புத்தூர், இங்க இருந்து ஒரு மணி நேரப் பயணம். அந்த வட்டாரம் முழுக்க இந்த மோட்டாரைச் செய்யறவங்களும் சரி பண்றவங்களும் இருக்காங்க.

கார் மோட்டாரை அப்படியே தண்ணியில நிரப்பச் சொல்லல. வேகம் வேற, வோல்டேஜ் வேற, எடை வேற. சொல்ல வர்றது, தண்ணியையும் மின்சாரத்தையும் ஒரே உடம்புக்குள்ள வச்சுக் குடும்பம் நடத்தத் தெரிஞ்ச ஆளுங்க நம்ம பக்கத்துலயே இருக்காங்க. அந்த அறிவு நம்ம சிலபஸ்ல இல்ல, அவ்வளவுதான்.

டெஸ்லாவுக்கும் கடைசியில வழி சொன்னது பட்டறைக்காரங்கதான். வாரன்டி முடிஞ்ச கார்களை அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் தனி மெக்கானிக்குகள் பிரிச்சுப் பாத்தாங்க. குரோஷியாவோட ஜாக்ரெப் நகரத்துல இ.வி. கிளினிக்னு ஒரு பட்டறை இதுக்கே பேர் வாங்கியிருக்கு. சிலர் நல்ல சீலும் பேரிங்கும் போட்டு யூனிட்டை மறுபடி கட்டறாங்க. சிலர் ரோட்டருக்குப் போற கூலன்ட் பாதையை அடைச்சு, ஸ்டேட்டருக்கும் இன்வெர்ட்டருக்கும் மட்டும் ஓட விடறாங்க. ரேஸ் ஓட்டறவருக்கு இது சரிப்படாது, ரோட்டர் சூடாகும். ஆபீஸ் போய் வர்றவருக்குப் போதும்னு அவங்க சொல்றாங்க. எது சரின்னு வாதம் பண்ணலாம். ஆனா அந்த வாதமே யூனிட்டைப் பிரிக்க முடிஞ்சதாலதான் வந்துச்சு.

"ஹை வோல்டேஜ், தொடாதே"

எதிர்ப்பக்கம் சொல்ற வலுவான வாதம் பாதுகாப்பு. 400 வோல்ட் டிசி, தெரியாதவன் தொட்டா உயிர் போயிடும், அதனால கம்பெனி சர்வீஸ் சென்டர் மட்டும்தான் தொடணும்னு சொல்லுவாங்க. உயிர் விஷயத்துல அலட்சியம் கூடாது, ஒத்துக்கறேன்.

ஆனா இதையும் யோசிங்க. சாஃப்ட் ஃப்ளோ மெஷின்ல, ஸ்டென்டர்ல, நிட்டிங் மெஷின்ல வேகத்தைக் கூட்டிக் குறைக்க இன்வெர்ட்டர் டிரைவ் வச்சிருக்காங்க. 415 வோல்ட் ஏசியை டிசியாக்கினா உள்ள கிட்டத்தட்ட 585 வோல்ட் நிக்கும். மாடல் எஸ் பேட்டரியை விட அதிகம். பவரை ஆஃப் பண்ணின பிறகும் கெப்பாசிட்டர்ல கொஞ்ச நேரம் சார்ஜ் இருக்கும். அதையெல்லாம் தெரிஞ்சு, காத்திருந்து, மீட்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் நம்ம எலக்ட்ரீஷியன்கள் கை வைக்கறாங்க. இதைத் தினமும் பண்றாங்க. "ஆபத்து"ங்கறது பயிற்சி கொடுக்கறதுக்கான காரணம். கதவைப் பூட்டறதுக்கான காரணமா அதைக் காட்டறதை நான் ஏத்துக்க மாட்டேன்.

அப்புறம், சீல் மாத்தறது மின்சார வேலை இல்ல. பேட்டரியைத் துண்டிச்ச பிறகு அது ஃபிட்டர் வேலை. சுத்தமான இடம், சரியான டூல், சரியான பார்ட் வேணும். இந்த மூணும் ராக்கெட் இல்ல.

இன்னொரு வாதமும் உண்டு. எல்லாத்தையும் ஒரே உடம்பா கட்டினாத்தான் எடையும் விலையும் குறையும், பிரிக்கற மாதிரி செஞ்சா போல்ட்டும் கேஸ்கெட்டும் கூடும்னு. உண்மைதான். அதனால எல்லாத்தையும் பிரிக்கற மாதிரி செய்ங்கன்னு நான் கேக்கல. தேயும்னு நமக்கே தெரிஞ்ச பாகம் எதுவோ அதுக்கு மட்டும் ஒரு வாசல் வைங்கன்னு கேக்கறேன்.

2028 ரொம்ப தூரத்துல இல்ல

டாடா நெக்ஸான் இ.வி. 2020 ஜனவரியில வந்துச்சு. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி. நெக்ஸான்ல இந்தக் கசிவு இருக்குன்னு நான் சொல்லல. அதுல இருக்கறது நிரந்தரக் காந்த மோட்டார், ரோட்டர்ல அந்த அளவு சூடு வராது. நான் கவனிக்கச் சொல்றது தேதியை. 2028-ல இருந்து நம்ம நாட்டுல அந்த மாதிரி எலக்ட்ரிக் கார்கள் வாரன்டிக்கு வெளிய வர ஆரம்பிக்கும். வாடகைக்கு ஓடற வண்டிங்க 1,60,000 கிலோமீட்டரை அதுக்கு முன்னாடியே தாண்டிடும். அந்தக் காரை ரெண்டாவது கையா வாங்கப் போறவரு யாரு? அவினாசி ரோட்டுல டாக்ஸி ஓட்டறவரா இருக்கலாம், சின்ன பவர் டேபிள் யூனிட் வச்சிருக்கறவரா இருக்கலாம். கடன் வாங்கி வண்டி எடுத்தவருக்கு "யூனிட் மாத்தணும்"ங்கற ஒரு வரி போதும், வண்டி ஓரங்கட்டிடும், தவணை ஓரங்கட்டாது.

பெட்ரோல் கார்லயே இந்தச் சண்டை நடந்திருக்கு. ஸ்பேர் பார்ட்ஸையும் டயக்னாஸ்டிக் டூலையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காம வச்சிருந்ததுக்காக, 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேத்து 2,500 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு. கம்பெனிகள் அப்பீலுக்குப் போனாங்க. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லயே காரைச் சரி பண்ற உரிமைக்குச் சட்டம் போட்டுச்சு. நம்ம மத்திய நுகர்வோர் துறையும் 2022 ஜூலையில சரி பண்ற உரிமைக்கு ஒரு கமிட்டி அமைச்சு, எடுத்துக்கிட்ட நாலு துறையில ஆட்டோமொபைலையும் சேத்தாங்க. அந்த வருஷக் கடைசியில ஒரு இணையதளமும் திறந்தாங்க. நல்ல ஆரம்பம். ஆனா மேனுவல் எங்க கிடைக்கும்னு சொல்றது ஒண்ணு, சீலுக்குத் தனி பார்ட் நம்பர் போட்டு விக்கறது வேற. ரெண்டாவது நடந்தாத்தான் பட்டறையில வேலை நடக்கும்.

நாம பண்ணக்கூடியது

நீங்க மெக்கானிக்கலோ, ட்ரிப்பிள் இ-யோ, ஆட்டோமொபைலோ, யாரா இருந்தாலும் இனிமே ஒரு மோட்டார் டிசைன் கண்ணுல பட்டா மூணு கேள்வி கேளுங்க. இதுல முதல்ல தேயப் போற பாகம் எது? அது தேஞ்சா கசிவு வெளிய வருமா, உள்ள போகுமா? அதை மட்டும் மாத்த எத்தனை போல்ட் கழட்டணும்? ப்ராஜெக்ட் ரிவ்யூல யாராவது எஃபிஷியன்சி 95 சதவீதம்னு சொன்னா கை தட்டுங்க, தட்டிட்டு இந்த மூணையும் கேளுங்க. நாளைக்கு இன்டர்வியூல எதிர்ல இருக்கறவங்க உங்களைக் கேட்டாலும் பதில் தயாரா இருக்கும்.

காலேஜுக்கும் ஒரு கோரிக்கை. நம்ம லேப்ல இருக்கற கட் செக்‌ஷன் இன்ஜின் மாதிரி, வாரன்டி முடிஞ்சு ஒதுக்கின ஒரு இ.வி. டிரைவ் யூனிட்டை வாங்கி வைக்கலாம். பிரிச்சு மாட்ட விடலாம். அந்த வாரத்துக்கு ஒரு டையிங் யூனிட் ஃபிட்டரையும் காயில் கட்டற கடைக்காரர் ஒருத்தரையும் கெஸ்ட் லெக்சருக்குக் கூப்பிடலாம். பவர்பாயின்ட் வேண்டாம், அவங்க பழைய சீல் நாலு கொண்டு வந்தா போதும். அப்படியே நம்ம பக்கத்துல இருந்தும் அவங்களுக்குக் கொடுக்க ஒண்ணு இருக்கு. ஹை வோல்டேஜ் டிசி கார்ல எந்த வரிசையில பவரைத் துண்டிக்கணும், இன்சுலேஷனை எப்படி அளக்கணும்னு தமிழ்ல ஒரு சின்னக் கையேடு எழுதிக் கொடுக்கலாம். இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு அதை எழுத ரொம்ப நேரம் ஆகும். ஆனாலும் அது ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டாவே இருக்கத் தகுதியான வேலைன்னு நினைக்கறேன்.

திருப்பூர், அவினாசி, பல்லடம், பெருமாநல்லூர்னு இந்த வட்டாரத்துல பம்ப் சீல் மாத்தத் தெரிஞ்ச கை எத்தனையோ இருக்கு. அந்தக் கைங்க எலக்ட்ரிக் காரையும் தொடுமா, இல்ல காருக்குக் கீழ குனிஞ்சு பாத்துட்டு "இது கம்பெனிக்குத்தான் போகணும்"னு எழுந்திடுமாங்கறது பட்டறையில முடிவாகப் போறதில்ல. சீலுக்கு மேல மூடி எந்தப் பக்கம் திறக்கணும்னு ஒரு என்ஜினியர் ஸ்க்ரீன்ல கோடு போடுவாங்க இல்லையா, அங்கதான் முடிவாகும். அடுத்த வருஷம் நம்ம பேட்ச்ல சிலர் அந்த ஸ்க்ரீன் முன்னாடி உக்காந்திருப்போம். மூடியை வெளிப்பக்கமா திறக்கற மாதிரி வைங்க.